விருந்தாளி 4471

அந்த விளையாட்டைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லச் சொன்னால் என்னால் ஒன்றே ஒன்றுதான் சொல்ல முடியும். அதை அப்புறம் சொல்கிறேன். மற்றபடி அதைப்போல ஒரு தலைவலியை நான் என் ஐம்பத்திரண்டு வயதில் கண்டதில்லை.

நூறு பேரை விமானத்தில் ஏற்றி ஒரு தீவின் மேல் தள்ளிவிடுகிறார்கள். நாலு நாலு பேராக ஓர் அணி. இறங்கியதும் கதவைத் தட்டாமல் கண்ட வீட்டுக்குள் புகுந்து பீரோவைக் குடைய வேண்டும். (இதில் எனக்கு என்ன கஷ்டம் இருந்திருக்கப் போகிறது என்று எங்கள் தெருவில் சிலர் கேட்பார்கள். கேட்கட்டும்.) கிடைத்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ள வேண்டும். செத்தவனின் பையைத் திறந்து அவனுடைய சட்டையைக்கூட உருவிப் போட்டுக்கொள்ளலாம். காதுக்குள் யாரோ ஒரு பொடியன் என் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டிருப்பான். துணிமணி விற்க ஒரு கடை வேறு. நான் துணி தெரிந்தவள், சொல்கிறேன்: அங்கே விற்கிற எந்த மேலங்கியிலும் அக்குள் தையல் கிடையாது. அதைப் போட்டுக்கொண்டு ஒருவன் கையைத் தூக்கினால் முதுகு கிழியும்.

எனக்கு ஆல்டரேஷன் கடை. அகலம் எட்டடி. ஒரு பக்கம் மருந்துக் கடை, மறு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை. மிஷினில் உட்கார்ந்தால் தெரு இரண்டு பக்கமும் தெரியும். தெரியும்படிதான் மிஷினைப் போட்டிருக்கிறேன். யாருக்கு இடுப்பு பெருத்தது, யாருக்குச் சிறுத்தது, எந்தக் கவலையில் சிறுத்தது என்பதெல்லாம் என் நாடாவுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தெரியும். நான் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த காலமும் உண்டு.

இந்த வயதில் துப்பாக்கி தூக்கியது எதற்காக என்றால், என் அக்காவுக்காக.

அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக் கூடத்தில் இருபத்தாறு வருஷமாக வேலை. நாலு வருஷம் முன்னால் மேற்பார்வையாளர் பரீட்சை எழுதித் தேறினாள். அதற்கு முன் இரண்டு தடவை போயிருந்தது. தேறிய அன்று என் கடைக்கு வந்து, டிரையல் ரூம் திரைக்குப் பின்னால் என்னைக் கூட்டிக்கொண்டு போய், ஒரு ரகசியம் சொன்னாள். பயத்தில் கைமடிப்புக்குள் ஒரு பிட்டு மடித்து வைத்துக்கொண்டு போனாளாம். "உன்கிட்ட மட்டும்தான்டி சொல்றேன்" என்றாள்.

நான் ஒருத்தியிடம் மட்டும்தான் சொன்னேன். ஆஸ்பத்திரி கணக்காளரின் மனைவி பாவாடைக்கு நாடா கோக்கக் கொடுத்திருந்தாள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று சொல்லித்தான் சொன்னேன். பதினோராம் நாள் அக்காவை மேனேஜர் கூப்பிட்டு, "பேப்பர் கொண்டு போனியா?" என்று கேட்டார். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். "ஆமாம் சார்" என்றாள். பதவி போயிற்று. மறுபடி மடிப்பு மேஜை. அன்று சாயங்காலம் கடை வாசலில் வந்து நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல், "இனிமே உனக்கும் எனக்கும் ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான். நாலு வருஷம். வீட்டு விசேஷம் என்றால் நான் வருவேனா என்று கேட்டுவிட்டு அவள் வரமாட்டாள்.

அக்கா மகள் மட்டும் அவ்வப்போது வருவாள், அம்மாவுக்குத் தெரியாமல். சில மாதம் முன்னால் ஒரு நாள் சுடிதாரைப் பிடிக்கக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"சித்தி, அம்மா இப்ப துப்பாக்கிச் சண்டைல இறங்கிட்டாங்க."

"யாரோடடி?"

"போன்ல சித்தி. கேமு. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல ஒரு ஆட்டம் போடலன்னா அவங்களுக்கு ஓடாது. பேரு என்ன தெரியுமா? சலவைப்புலி."

நான் சிரித்தேன். அவள் போனதும் பக்கத்துக் கடைக்குப் போனேன்.

"அண்ணே, எனக்கு ஒரு கேமு போட்டுத் தாங்க."

செல்போன் கடைக்காரர் கண்ணிலிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, உனக்கா? தெருவுல கிடைக்கிறது பத்தலையா?"

"போட்டுத் தாங்கன்னா."

"பேரு என்ன வைக்கட்டும்?"

"பேரே வேண்டாம்."

பேர் வைக்காதவர்களுக்கு அதுவே ஒன்று கொடுக்கும் போலிருக்கிறது. விருந்தாளி 4471. கடைக்காரர்தான் சலவைப்புலியைத் தேடிக் கண்டுபிடித்து, சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கோரிக்கை அனுப்பியும் கொடுத்தார். மைக்கை அணைத்து வைக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை. பதினைந்து வருஷமாகப் பக்கத்துக் கடை. கேட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

என் எண்ணம் என்னவென்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று சொல்ல ஆசைதான். நான் வேவு பார்க்கப் போனேன். என்னைப் பற்றி என்ன பேசுகிறாள் என்று கேட்கப் போனேன்.

மறுநாள் ஒன்றரை மணிக்கு 'சாப்பிடப் போயிருக்கிறேன்' அட்டையை மாட்டிவிட்டு, டிரையல் ரூமுக்குள் முக்காலி போட்டு, திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தேன். காதில் அக்காவின் குரல் வந்தது.

"யாருப்பா புதுசு? விருந்தாளியா? வாங்க வாங்க. ஆம்பளையா பொம்பளையா?"

நாலு வருஷம் கழித்து அவள் என்னை வாங்க என்கிறாள். போன் கை நழுவி மடியில் விழுந்தது.

மைக் இல்லாதவர்களுக்கு அந்த ஆட்டத்தில் எட்டே எட்டு ரெடிமேட் வாக்கியங்கள் உண்டு. பொத்தானை அமுக்கினால் எழுத்தாக வரும். நன்றி, சரி, இல்லை, எதிரி இருக்கிறான், இங்கே வாருங்கள், காத்திருங்கள், மருந்து வேண்டும், மன்னிக்கவும். நான் 'நன்றி'யை அமுக்கினேன்.

"பேச மாட்டியா? ஊமை விருந்தாளியா? சரி, அதுவும் நல்லதுதான். எனக்கு வாயாடியக் கண்டா ஆகாது."

அணியில் இன்னொருவர் பஸ் டிரைவர். டிப்போவில் வண்டியைப் போட்டுவிட்டு அடுத்த டிரிப் வரைக்கும் ஆடுகிறவர். அக்காவைப் புலியக்கா என்பார். நாலாவது ஆள் தினம் ஒருவர் வருவார், திட்டுவார், போவார்.

முதல் நாள் விமானத்திலிருந்து குதித்து, ஒரு கூரை மேல் இறங்கி, படியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே என்னைச் சுட்டுவிட்டார்கள். இப்போது அந்த ஒரு நல்ல விஷயத்தைச் சொல்கிறேன். அங்கே அடிபட்டதும் ஆள் செத்துவிடுவதில்லை. நாலு காலில் தவழ்ந்துகொண்டு கிடக்கலாம். அதற்குள் கூட்டாளி ஒருவர் வந்து பக்கத்தில் முழந்தாளிட்டு, பத்து நொடி கையைப் பிடித்திருந்தால் எழுந்துவிடலாம். அந்தப் பத்து நொடியும் தூக்குகிறவர் துப்பாக்கியைத் தொட முடியாது. நகர முடியாது. யார் வேண்டுமானாலும் வந்து சுடலாம். அப்படி இருந்தும் தூக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் கிடையாது. விட்டுவிட்டும் போகலாம். பாதிப் பேர் அப்படித்தான் போவார்கள்.

"புலியக்கா, விடுங்க, அந்த ஆளு தேறாது" என்றார் டிரைவர்.

"விருந்தாளின்னு பேரு வச்சுட்டு வந்திருக்கு. விட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்?"

வந்தாள். கூரை மேல் நான் கிடந்த இடத்துக்கு, குண்டு பறக்கிற வெட்டவெளியில் ஓடி வந்து, பக்கத்தில் முழந்தாளிட்டாள். பத்து, ஒன்பது, எட்டு என்று எண் குறைந்தது. அந்தப் பத்து நொடியும் என் அக்கா என் கையைப் பிடித்திருந்தாள், யார் கை என்று தெரியாமல்.

நாலு மாதம் இப்படிப் போயிற்று. நான் ஒருவரையும் சுட்டதில்லை. விழுவதுதான் என் வேலை. சில நாள் வேண்டுமென்றே விழுந்தேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வேவு பார்க்கப் போனவளுக்கு வேவு மறந்துபோனது. என்னைப் பற்றிப் பேச்சே வரவில்லை. ஒரே ஒரு நாள் டிரைவர் கேட்டார்:

"புலியக்காவுக்குக் கூடப்பொறந்தவங்க யாரும் இல்லயா?"

"ஒருத்தி இருந்தா."

"இருந்தாங்களா? அடடா."

"சாகல. நல்லாத்தான் இருக்கா. தையக்கட வச்சிருக்கா." துப்பாக்கியில் குண்டு போட்டுக்கொண்டாள். "அவ வெளிய சொன்னதுல பொய் ஒண்ணும் இல்ல தம்பி. பேப்பர் கொண்டு போனது நான்தான். ஆனா அத வெளிய எடுக்கவே இல்ல. கேள்வியப் பாத்ததும் எல்லாம் தெரிஞ்சதா இருந்துச்சு. கைமடிப்புலயே இருந்து வேர்த்து, வீட்டுக்கு வந்து பாத்தா கூழாயிருந்துச்சு. அதையும்தான் அவகிட்ட சொன்னேன். அந்தப் பாதிய மட்டும் அவ முழுங்கிட்டா."

இந்த இடத்தில் உங்களிடமும் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டும். மேலே கதையைச் சொல்லும்போது உங்களிடமும் அந்தப் பாதியை நான் சொல்லவில்லை. பழக்கம். கணக்காளர் மனைவியிடம் சொன்னபோதும் மறந்து விட்டதல்ல. பிட்டு கொண்டு போனாள் என்றதும் அவள் கண் விரிந்தது. 'ஆனால் பார்க்கவில்லை' என்று சேர்த்தால் அந்தக் கண் சுருங்கிவிடும். கதையில் உப்பு போய்விடும். அவ்வளவுதான் காரணம். ஒரு கண் விரிந்தே இருக்கட்டும் என்று என் அக்காவின் பாதியை வெட்டிப் போட்டேன், கால்சட்டை நீளத்தை வெட்டுகிற மாதிரி.

அன்றைக்கு நான் 'மன்னிக்கவும்' பொத்தானை அமுக்கினேன்.

"எதுக்கு ஊமை? நீ என்ன பண்ண?" என்று அக்கா சிரித்தாள்.

அப்புறம் ஒரு நாள் டிரிப் வந்து டிரைவர் போய்விட்டார். நாலாவது ஆளும் திட்டி முடித்துப் போய்விட்டார். நானும் அவளும் ஒரு கிணற்று மேட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தோம்.

"ஊமை, ஒண்ணு சொல்லட்டுமா? அடுத்த மாசம் பத்தாந்தேதி நான் மறுபடி பரீட்சை எழுதப் போறேன். என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. பொண்ணுக்கும் தெரியாது. ஆபீஸ்ல பேரு கொடுத்திருக்கேன், பெரிய கிளார்க்குக்கு மட்டும் தெரியும், அவரு வாய தொறக்க மாட்டாரு. இந்தத் தடவ போச்சுன்னா யாருக்கும் தெரியாமப் போகணும். போன தடவ பட்டது போதும். யார்கிட்டயாவது சொல்லலன்னா நெஞ்சு வெடிச்சுரும் போல இருந்துச்சு. நீ ஊமை, அதான்."

நான் 'சரி'யை அமுக்கினேன். வாழ்க்கையில் அவ்வளவு மனசோடு ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை.

ஒன்பது நாள் காப்பாற்றினேன். சிரிக்காதீர்கள், எனக்கு அது ஒன்பது மாதம். மருந்துக் கடைக்காரர் "என்னம்மா, உடம்பு சரியில்லையா, பேச்சையே காணோம்" என்று கேட்டார். தொண்டை வரை வந்ததை எச்சிலோடு விழுங்கினேன். அக்காவுக்குக் கொடுக்க ஒன்று கிடைத்திருக்கிறது, அது என் மௌனம் என்று நினைத்துக்கொண்டேன். பரீட்சை முடிந்து அவள் தேறிய பிறகு மைக்கைப் போட்டு, நான்தான் என்று சொல்வதாகத் திட்டம். அதுவரை வாய் திறக்காமல் இருந்தேன் என்பதுதான் சாட்சி. அவள் அதை நம்பினால் என்னைச் சேர்த்துக்கொள்வாள்.

பத்தாம் நாள் இஸ்திரிக்காரி வந்தாள். அக்காவோடு அதே கூடத்தில் பெரிய இஸ்திரி மிஷினில் வேலை செய்பவள். யூனிபார்ம் பேன்ட் இடுப்பு பிடிக்கிறது என்று கொண்டுவந்தாள். அளந்துகொண்டிருக்கும்போது, அவளாகவே ஆரம்பித்தாள்.

"டெய்லரக்கா, உங்க அக்காவப் பாத்தா பாவமா இருக்கு. நேத்து வந்த பொண்ணு எல்லாம் அவங்களுக்கு வேலை சொல்லுது. அவங்களும் தலையக் குனிஞ்சுட்டு மடிக்கிறாங்க. ரிட்டயர் ஆகற வரைக்கும் இனி அந்த மேஜைதான், வேற என்ன."

பாவம் என்று சொன்ன வாயில் ஒரு சிரிப்பு இருந்தது. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"மேஜையா? பாத்துக்கிட்டே இரு. அடுத்த மாசம் பரீட்சை எழுதறா. அப்புறம் உனக்கு லீவு குடுக்கறதே அவதான்."

சொல்லி முடித்த அடுத்த மூச்சில் எனக்குத் தெரிந்துவிட்டது. நாடா கையில் இருந்தது. இஸ்திரிக்காரியின் கண் விரிந்தது. அதைத் திரும்பச் சுருக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

"அப்படியா" என்றாள். பேன்ட் எப்போது கிடைக்கும் என்றுகூடக் கேட்க மறந்து போனாள்.

இரண்டு நாள் சலவைப்புலி வரவில்லை. மூன்றாம் நாள் வந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. குதித்தோம். ஒரு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் என்னைச் சுட்டார்கள். தவழ்ந்துகொண்டு கிடந்தேன். அக்கா வந்தாள். மெதுவாக நடந்து வந்தாள், ஓடாமல். முழந்தாளிட்டாள்.

"ஊமை, நேத்து காலைல எங்க ஹால்ல ஒருத்தி எல்லார் முன்னாடியும் கேட்டா. 'இந்தத் தடவ எந்தக் கையில வச்சுட்டுப் போறீங்க'ன்னு."

ஏழு. ஆறு.

"எல்லாரும் சிரிச்சாங்க."

"எத வச்சுட்டுப் போறது புலியக்கா?" என்றார் டிரைவர்.

"நீ அந்தப் பக்கம் பாரு தம்பி."

இரண்டு. ஒன்று. தூக்கி முடித்தாள். நான் எழுந்து நின்றேன். அவளும் எழுந்தாள்.

"அன்னைக்கு ஒருத்திகிட்ட மட்டும் சொன்னேன். ஊர் பூரா தெரிஞ்சுது. இன்னைக்கு உன்கிட்ட மட்டும் சொன்னேன். உனக்கு எங்க ஹால் எங்க இருக்குன்னே தெரியாது. தெரிஞ்சிருக்கவும் கூடாது. மைக்கப் போடு."

'இல்லை'யை அமுக்கலாம். ஆட்டத்தை விட்டு வெளியே போகலாம். பேர் இல்லாதவளுக்கு அது சுலபம். நான் மைக்கைப் போட்டேன். தெருவின் ஹார்ன் சத்தமெல்லாம் அவள் காதுக்குப் போயிருக்கும்.

"அக்கா" என்றேன்.

எங்கேயோ சுடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நாலு மாசமா" என்றாள் கடைசியில். "நாலு மாசமா உன்னைத் தூக்கிட்டு இருக்கேன்."

"உன்னை அவ இளக்காரமாப் பேசினாக்கா. விட்டுக்கொடுக்க முடியல. அதான் வாய்ல வந்துருச்சு."

"எனக்காகப் பேசினியா?"

"ஆமாக்கா."

"அப்படின்னா ஒண்ணு சொல்லு. பேப்பர வெளிய எடுக்கவே இல்லன்னு அவகிட்ட சொன்னியா?"

மைக் பொத்தான் மேல் என் விரல் போய் நின்றது.

"சொன்னியாடி?"

"இல்லக்கா."

"எனக்காகப் பேசும்போதுகூட அது உனக்கு ஞாபகம் வரல."

குரலில் கோபம் இருந்திருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். கோபத்துக்கு என்னிடம் பதில் உண்டு. அவள் ஒரு துணியில் கறை போகுமா போகாதா என்று பார்த்துவிட்டுச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

சலவைப்புலி அணியிலிருந்து வெளியேறினார் என்று எழுத்து வந்தது.

"யக்கா," என்றார் டிரைவர் தயங்கித் தயங்கி, "நீங்க ஊமை இல்லையா?"

மைக்கை அணைத்தேன். போனை அணைத்தேன். டிரையல் ரூமுக்குள் முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். எதிரே ஆளுயரக் கண்ணாடி. வாடிக்கையாளர் தங்களை எல்லாப் பக்கமும் பார்த்துக்கொள்ள நான்தான் மாட்டியது. போர்வைத் துணி ஒன்றை எடுத்து அதன் மேல் போட்டேன்.

அடுத்த வாரம் கணக்காளர் மனைவி வந்தபோது அந்த மறுபாதியைச் சொன்னேன். "எங்க அக்கா அந்தப் பேப்பரத் தொடவே இல்லைங்க. கைமடிப்புலயே கூழாப் போச்சு" என்றேன்.

"அதெல்லாம் எப்பவோ முடிஞ்ச கதை" என்று அவள் ரவிக்கையின் கொக்கி வரிசையைப் போட்டுப் பார்த்தாள். "இது கொஞ்சம் இழுக்குது பாருங்க."

நாலு வருஷம் முன்னால் பதினோரே நாளில் ஆஸ்பத்திரி வரை போன வாய் அது. இந்தப் பாதி எங்கள் பக்கத்துக் கடையைக்கூடத் தாண்டவில்லை. செல்போன் கடைக்காரர் மட்டும் காதில் விழுந்ததாகச் சொன்னார். அதுவும் நான் கத்திச் சொன்னதால்.

அக்கா பரீட்சைக்குப் போனாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அந்தத் தேதி எனக்குத் தெரியும். அன்று காலையிலிருந்து கடையைத் திறக்காமல் உள்ளேயே தைத்துக்கொண்டிருந்தேன். திறந்தால் யாரிடமாவது கேட்பேன். அக்கா மகள் ஒரு நாள் வந்தாள், "சித்தி, அம்மா..." என்று ஆரம்பித்தாள். "டீ குடிக்கிறியா?" என்றேன். இரண்டு தடவை ஆரம்பித்துவிட்டு, என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

முடிவு வந்திருக்க வேண்டிய வாரத்தில் இஸ்திரிக்காரி படியேறி வந்தாள். வருகிற வேகத்திலேயே வயிறு நிறைய எதையோ சுமந்து வருகிறாள் என்று தெரிந்தது. அந்த நடை எனக்குத் தெரியாதா? அது என் நடை.

"டெய்லரக்கா, சேதி தெரியுமா? உங்க அக்கா..."

"சொல்லாத."

"அய்ய, கேளுங்கக்கா."

"அவ சொன்னா கேட்டுக்கறேன். நீ சொல்லாத."

"நாலு வருஷமா பேசாதவங்க, அவங்க எங்க வந்து சொல்லப் போறாங்க?"

"வராட்டி போகட்டும்."

அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தால் தேறினாளா போச்சா என்று புருவத்திலேயே படித்துவிடுவேன். முப்பது வருஷப் பழக்கம். குனிந்து, அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து அவள் அன்று விட்டுப்போன பேன்டைத் தேடி எடுத்தேன். மேஜை மேல் விரித்து, இடுப்புத் தையலைத் திருப்பி, உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பார்த்தேன். அவள் இரண்டு காலையும் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தாள். செருப்பு மட்டும் எனக்குத் தெரிந்தது.

"நல்ல சேதியா கெட்ட சேதியான்னாவது கேளுங்களேன்க்கா."

"ரெண்டு இஞ்ச் பிரிக்கலாம்" என்றேன். "அதுக்கு மேல துணி இல்ல. வியாழக்கிழமை வந்து வாங்கிக்கோ."